வைஃபை கார்டு தெரிகிறது, இணைப்பு வரவில்லை: கர்னலை மாற்றுவதா, கார்டை மாற்றுவதா?

#1 · வைகைக்கரை

வணக்கம். ரைசன் 5 லேப்டாப், 16 ஜிபி ரேம். விண்டோஸ் 11-உடன் டெபியன் 12 லினக்ஸும் இருக்கிறது. டிஸ்ப்ளே, சவுண்ட், டச்பேட் எல்லாம் சரி. வைஃபை மட்டும் இல்லை. செட்டிங்ஸில் வைஃபை என்ற பகுதியே காட்டவில்லை. அதே கார்டு விண்டோஸில் ஒழுங்காக ஓடுகிறது. ஃபர்ம்வேர்-ரியல்டெக் பேக்கேஜ் ஏற்கெனவே இருக்கிறது. லேன் போர்ட் கிடையாது.

எல்எஸ்பிசிஐ -என்என்கே கட்டளை தருவது:

02:00.0 நெட்வொர்க் கன்ட்ரோலர் [0280]: ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇ [10இசி:பி852]
    சப்சிஸ்டம்: (லேப்டாப் கம்பெனி பெயர்)

அதற்குக் கீழே எதுவும் இல்லை. யூநேம் -ஆர் போட்டால் கர்னல் பதிப்பு 6.1 என்று தொடங்குகிறது.

கிட்ஹப்பில் இதற்கு ஒரு டிரைவர் கிடைக்கிறது. அதைக் கம்பைல் செய்து போடலாமா, இல்லை வேறு கார்டு வாங்கி மாட்டுவதே நல்லதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். மூடி வைத்தால் ஸ்லீப்பிலேயே பேட்டரி இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

#2 · கர்னல்காரன்

நீங்கள் கொடுத்த அவுட்புட்டிலேயே விடை இருக்கிறது. சப்சிஸ்டம் வரிக்குக் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்", "கர்னல் மாட்யூல்ஸ்" என்று இரண்டு வரிகள் வரவேண்டும். உங்களுக்கு இரண்டுமே இல்லை. அப்படியென்றால் உங்கள் கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி, டிரைவர்கள் இருப்பதும் அதில்தான்) 10இசி:பி852 என்ற ஐடியைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும் மாட்யூலே கிடையாது. ஃபர்ம்வேர் பேக்கேஜை எத்தனை முறை திரும்பப் போட்டாலும் பயன் இல்லை. ஃபர்ம்வேர் என்பது கார்டுக்குள் ஓடும் நிரல், அதைக் கார்டுக்குள் ஏற்றுவதே டிரைவரின் வேலைதான்.

வைஃபை வரவில்லை என்று வரும் கேள்விகளில் பெரும்பாலும் மூன்று வேறு கோளாறுகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். இதைப் பிரித்துவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

டிரைவர் வரிகளே இல்லை என்றால் கர்னல் பழசு, அல்லது அந்தச் சிப்புக்கு டிரைவரே எழுதப்படவில்லை. டிரைவர் வரி இருந்தும் இன்டர்ஃபேஸ் வரவில்லை என்றால் "சூடோ டிமெஸ்ஜி" போட்டு ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். "ஃபெயில்டு டு லோட்" என்று சொல்லி வரியின் கடைசியில் -2 என்று முடிந்தால், டிரைவர் கேட்ட ஃபைல் /லிப்/ஃபர்ம்வேர் ஃபோல்டரில் இல்லை என்று பொருள். -2 என்பது "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்பதற்கான எண். எந்த ஃபைல் என்பதும் அதே வரியில் இருக்கும். மூன்றாவது, டிரைவரும் ஃபர்ம்வேரும் சரியாக ஏறியும் நெட்வொர்க் பட்டியல் காலியாக இருப்பது. அதற்கு "ஆர்எஃப்கில் லிஸ்ட்" போடுங்கள். சாஃப்ட் பிளாக்டு என்றால் "ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை" போதும். ஹார்டு பிளாக்டு என்றால் கீபோர்டு பொத்தான், பக்கவாட்டு ஸ்விட்ச், அல்லது லேப்டாப் கம்பெனிக்கான டபிள்யூஎம்ஐ மாட்யூல் (பயாஸோடு பேசும் டிரைவர்) தவறாகச் சொல்வது.

உங்களுடையது முதல் வகை. 8852பிஇ-க்கான டிரைவர் மெயின்லைன் கர்னலில், அதாவது எல்லா டிஸ்ட்ரோக்களுக்கும் மூலமான அதிகாரபூர்வக் கர்னலில், சேர்ந்தது 6.2-இல். டெபியன் 12 நிற்பது 6.1-இல். ஒரே ஒரு பதிப்பில் தவறிப் போயிருக்கிறது. ஸ்டேபிள் டெபியனில் அதே கர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும், புது டிரைவர் பொதுவாக வராது. அதனால் "அப்டேட் எல்லாம் போட்டாச்சு" என்பது இங்கே உதவாது.

இதே மாதிரி அடிக்கடி கேட்கப்படும் மற்ற சிப்களையும் எழுதி வைக்கிறேன். ரியல்டெக் 8821சிஇ 5.9 முதல், 8852ஏஇ 5.16 முதல். மீடியாடெக் எம்டி7921 என்றால் 5.12, எம்டி7922 என்றால் 5.16. இன்டெல் ஏஎக்ஸ்200-க்கு 5.1, ஏஎக்ஸ்210-க்கு 5.10. ஐடியின் முதல் நான்கு எழுத்துகள் யார் செய்த சிப் என்று சொல்லும். 8086 இன்டெல், 10இசி ரியல்டெக், 14சி3 மீடியாடெக், 14இ4 பிராட்காம், 168சி ஏதெராஸ். லேப்டாப்பின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகைக் கார்டு வரும்.

கிட்ஹப் டிரைவர் இப்போது வேண்டாம். பேக்போர்ட்ஸ் கர்னல் போடுங்கள், அதாவது பழைய டெபியனுக்காகவே டெபியன் தயாரித்துத் தரும் புதிய கர்னல்.

#3 · வைகைக்கரை

தெளிவாகப் புரிந்தது, நன்றி. ஆனால் நெட்டே இல்லாமல் பேக்போர்ட்ஸ் எப்படி இறக்குவது?

#4 · செம்பருத்தி

ஃபோனை யுஎஸ்பி கேபிள்ல மாட்டுங்க, ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்ல யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. அவ்வளவுதான். இதுக்கான டிரைவர் கர்னல்லயே இருக்கு, வயர்டு கனெக்ஷன் மாதிரி தானா வந்துடும். சார்ஜ் மட்டும் ஏறி டேட்டா போகாத கேபிளா இருந்தா டெதரிங் ஆப்ஷனே மங்கலா இருக்கும், அப்ப கேபிளை மாத்துங்க. ஃபோன் வீட்டு வைஃபைல இருந்தா டெதரிங்கும் அந்த வைஃபை வழியாத்தான் போகும். மொபைல் டேட்டா செலவாகாது.

நெட் வந்ததும் /இடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்.டி ஃபோல்டர்ல பேக்போர்ட்ஸ்.லிஸ்ட்னு ஒரு ஃபைல், அதுல இந்த ஒரு வரி (புக்வோர்ம்ங்கிறது டெபியன் 12-ஓட பேரு):

டெப் எச்டிடிபி://டெப்.டெபியன்.ஆர்க்/டெபியன் புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ் மெயின் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்

அப்புறம்:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் -டி புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ் லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64 ஃபர்ம்வேர்-ரியல்டெக்

ரெண்டையும் ஒரே கட்டளையில போடுறது முக்கியம். கர்னலை மட்டும் புதுசாக்கி ஃபர்ம்வேரைப் பழசாவே விட்டா, புது டிரைவர் கேக்குற ஃபைல் பழைய பேக்கேஜ்ல இல்லாமப் போகலாம். அப்ப மேல சொன்ன -2 வந்து நிக்கும்.

ரீபூட் பண்ணிட்டு யூநேம் -ஆர் பாருங்க, 6.12 வரணும். எல்எஸ்பிசிஐல டிரைவர் பேரு ஆர்டிடபிள்யூ89_8852பிஇ-னு வரும். செக்யூர் பூட்டை (நம்பகமான கையெழுத்து இருக்கிறதை மட்டும் பூட் ஆக விடுற பாதுகாப்பு) அணைக்க வேண்டாம். இந்தக் கர்னலும் டெபியன் கையெழுத்தோடதான் வருது.

#5 · மலைக்கோட்டை

பேக்போர்ட்ஸ் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சூழ்நிலையில் டெபியன் 13-க்கே போய்விடலாம். அது 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது, அதன் சொந்தக் கர்னலே 6.12. பேக்போர்ட்ஸ் கர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும், ஆனால் டெபியன் பாதுகாப்புக் குழு ஸ்டேபிளுக்குக் கொடுக்கும் அதே உறுதி அதற்குக் கிடையாது. புதிதாகப் போட்ட சிஸ்டம், அதில் இன்னும் எதுவும் சேர்க்கவில்லை என்றால் பழைய பதிப்பில் தொங்கிக்கொண்டிருக்கக் காரணம் தெரியவில்லை.

டெபியன் 12 முதல் இன்ஸ்டாலர் ஐஎஸ்ஓவிலேயே ஃபர்ம்வேர் சேர்ந்து வருகிறது. அதனால் 13-இன் இன்ஸ்டாலருக்குள்ளேயே உங்கள் வைஃபை வர வாய்ப்பு அதிகம். முதலில் 13-இன் லைவ் ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதி பூட் செய்து பாருங்கள். டிஸ்க்கைத் தொடாமலே தெரிந்துவிடும்.

உபுண்டு, மின்ட் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். உபுண்டு 22.04 முதலில் வந்தது 5.15-உடன், எச்டபிள்யூஇ (அதே பதிப்புக்கு உபுண்டு தரும் புதிய கர்னல்) போட்டால் 6.8 வரை வரும். 24.04 தொடக்கமே 6.8. மின்ட் 21 தொடர் 5.15-இல் தொடங்கியது, 22 தொடர் 6.8-இல். இதே கார்டு பழைய மின்டில் வராமல் புதியதில் வருவதற்கு வேறு ரகசியம் எதுவும் இல்லை.

#6 · தறிநிரல்

கார்டு மாத்துறதப் பத்தி யாரும் சொல்லலீங்க, அதனால் நான் சொல்றேன். கர்னல் மாத்தியே சரியாகுதுன்னா சந்தோஷம். ஆனா பல வருஷம் வச்சுக்கப் போற லேப்டாப்னா இன்டெல் ஏஎக்ஸ்210 போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்ங்கிறது என் கருத்து. கர்னல் ரொம்பப் பழசா இல்லைன்னா, எந்த டிஸ்ட்ரோ மாத்தினாலும், எந்த ரெஸ்க்யூ பென்டிரைவ்ல பூட் பண்ணினாலும் அது வந்துடும்.

வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது நிறைய இருக்கு. பின்பக்கத்தைத் திறந்து கார்டு எப்படி உட்கார்ந்திருக்குன்னு பாருங்க. 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளத்துல ஒரு ஸ்க்ரூவோட இருந்தா அது எம்.2 2230, கழட்டி மாட்டலாம். மதர்போர்டுலயே ஒட்டி சால்டர் பண்ணியிருந்தா விட்டுடுங்க. மெல்லிய லேப்டாப்புல இது சகஜம்.

ரொம்பப் பேர் காசு விடுற இடம் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211, 9560 மாதிரியான கார்டுங்க. பார்க்க அதே 2230, ஸ்லாட்லயும் சரியா உட்காரும். ஆனா அது சிஎன்விஐ வகை. வைஃபையோட பாதி வேலை இன்டெல் சிப்செட்டுக்குள்ளயே இருக்கும், கார்டுல இருக்கிறது ரேடியோ மட்டும். ஏஎம்டி போர்டுல போட்டா கார்டு இருக்கிறதாவே காட்டாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ரெண்டும் முழுமையான பிசிஐஇ கார்டு, ஏஎம்டிலயும் ஓடும். கடைக்காரர்கிட்ட "ஏஎக்ஸ் கார்டு"ன்னு மட்டும் சொல்லாம முழு எண்ணையும் சொல்லுங்க. வைஃபை 7 வேணும்னு பிஇ200 பக்கம் போகாதீங்க, பல ஏஎம்டி போர்டுல அது ஏத்துக்கறதில்ல.

மாட்டும்போது சிஸ்டத்தை முழுசா ஆஃப் பண்ணி, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்டரையும் கழட்டிடணும். ஆஃப்ல இருந்தாலும் அந்த ஸ்லாட்டுல கரன்ட் நிக்கலாம். ஆன்டெனா வயர் ரெண்டு வரும். கழட்டுறப்ப வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க, தலைக்கு அடியில பிளாஸ்டிக் நெம்பியை விட்டு நேரா மேல தூக்கணும். திரும்ப மாட்டுறப்ப தலை நேரா உட்கார்ந்திருக்கான்னு பக்கவாட்டுல இருந்து பார்த்துட்டு, விரல் நுனியால அழுத்தினா லேசா ஒரு 'டிக்' கேக்கும். சாய்வா அழுத்தினா நடு ஊசி வளைஞ்சிடும். அப்புறம் சிக்னல் ரூட்டர் பக்கத்துல மட்டும்தான் வரும், ஆளுங்க டிரைவரைக் குறை சொல்லிட்டு இருப்பாங்க. பழைய மினி பிசிஐஇ கார்டோட ஆன்டெனா தலை இதைவிடப் பெரிசு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது.

புளூடூத் அதே கார்டுல இருந்தாலும் அது யுஎஸ்பி வழியா வரும். எல்எஸ்யுஎஸ்பி-ல தனியாப் பாருங்க. வைஃபை வந்து புளூடூத் மட்டும் வரலைன்னா அந்த ஸ்லாட்டுக்கு யுஎஸ்பி லைன் இழுத்திருக்காங்களான்னு சந்தேகப்படணும்.

#7 · கர்னல்காரன்

சிஎன்விஐ பற்றிய எச்சரிக்கை மிகத் தேவையானது. அதோடு ஒன்று சேர்க்கிறேன். சில பழைய லேப்டாப்களின் பயாஸில் அனுமதிப் பட்டியல் இருக்கும். அதில் இல்லாத கார்டைப் போட்டால் பூட் ஆகாமல் திரையில் எச்சரிக்கையோடு நின்றுவிடும். வாங்கும் முன் உங்கள் மாடலில் வேறு கார்டு ஏற்கப்படுகிறதா என்று சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

ஆனால் வைகைக்கரைக்குக் கார்டு மாற்றம் தேவையில்லை என்பதில் மாற்றமில்லை. டிரைவர் மெயின்லைனில் இருக்கும் கார்டைத் தூக்கிப் போடுவது வீண். கார்டு மாற்றம் உண்மையில் நியாயமாவது இரண்டு இடங்களில். ஒன்று மீடியாடெக் எம்டி7902, ஐடி 14சி3:7902. பல லேப்டாப்களில் விற்பனைக்கு வந்து வெகுகாலம் வரை அதற்கு மெயின்லைனில் டிரைவரே இல்லை. பெயர் 7921, 7922 போலவே இருப்பதால் அவற்றின் டிரைவரில் இந்த ஐடியைச் சேர்த்துவிட்டால் ஓடும் என்று சிலர் எழுதுவதை நம்பாதீர்கள். இன்னொன்று, பிராட்காமின் டபிள்யூஎல் டிரைவரை நம்பியிருக்கும் கார்டுகள்.

#8 · பொதிகைச்சாரல்

பிராட்காம் பேச்சு வந்ததால் கேட்கிறேன். பழைய மேக்புக்கில் 14இ4:43ஏ0 என்று வருகிறது. பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் (அதே டபிள்யூஎல் டிரைவரின் பேக்கேஜ்) போட்டு ஓடியது. கர்னல் அப்டேட் ஆனதும் வைஃபை போய்விட்டது. பழைய கர்னலில் பூட் செய்தால் வருகிறது. ஏன்?

#9 · கர்னல்காரன்

அது பிசிஎம்4360. அதற்கு டபிள்யூஎல் தவிர வேறு டிரைவர் இல்லை. அந்த டிரைவரின் உள்பகுதி மூலநிரல் இல்லாத பைனரி. பிராட்காம் கடைசியாக வெளியிட்ட பதிப்பு 6.30.223.271, 2015-ஐச் சேர்ந்தது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு கர்னலிலும் உள்ளே ஏதாவது செயற்கூறு பெயர் மாறும்போது, டிஸ்ட்ரோக்காரர்கள்தான் ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள்.

உங்கள் கேஸில் முதலில் பார்க்க வேண்டியது ஹெடர்கள், அதாவது கர்னலுக்கான மாட்யூலைக் கம்பைல் செய்யத் தேவையான ஃபைல்கள். கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானாகக் கம்பைல் செய்யும் கருவியான டிகேஎம்எஸ், புதிய கர்னலுக்காக மாட்யூலை மறுபடி கம்பைல் செய்ய, அதே பதிப்பின் ஹெடர் பேக்கேஜ் வேண்டும். பலர் அப்போதைய கர்னலின் ஹெடரை மட்டும் முழுப் பதிப்பு எண் கொடுத்துப் போட்டிருப்பார்கள். அடுத்த கர்னல் வரும்போது ஹெடர் கூடவே வராது, கம்பைல் சத்தமில்லாமல் விட்டுப்போகும். லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 என்ற பொது பேக்கேஜைப் போட்டால் ஒவ்வொரு முறையும் கூடவே வரும். பிறகு:

டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்
சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்

ஹெடர் இருந்தும் கம்பைல் விழுந்தால் /வார்/லிப்/டிகேஎம்எஸ் ஃபோல்டருக்குள் மேக்.லாக் இருக்கும். அதில் முதல் எரர் வரியை மட்டும் இங்கே போடுங்கள். கடைசி வரி எப்போதும் "மேக் தோல்வி" என்றுதான் சொல்லும், அதில் விஷயம் இருக்காது.

பி43, பிசிஎம்ஏ, எஸ்எஸ்பி, பிஆர்சிஎம்எஸ்மேக் இந்த மாட்யூல்கள் ஏறியிருந்தால் டபிள்யூஎல் கார்டைப் பிடிக்க முடியாது. பேக்கேஜ் இவற்றைத் தடுத்து வைக்கும். கையால் டிரைவர் போட்டவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

கிட்ஹப் டிரைவரை நான் உடனே வேண்டாம் என்று சொல்வதும் இந்தக் காரணத்துக்காகத்தான். டிகேஎம்எஸ் கூட இல்லாமல் "மேக் இன்ஸ்டால்" மட்டும் செய்தால், அடுத்த கர்னல் அப்டேட்டில் வைஃபை கட்டாயம் போகும். மெயின்லைனில் டிரைவர் இருக்கும் சிப்புக்கு இந்த வேலையே வேண்டாம்.

#10 · செம்பருத்தி

செக்யூர் பூட்டையும் சேர்த்துச் சொல்லிடுறேன், டிகேஎம்எஸ் போடுறவங்க அடுத்து மாட்டுறது அங்கதான். மாட்யூல் கம்பைல் ஆயிடும், டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்ல இன்ஸ்டால்டுன்னு காட்டும், மாட்ப்ரோப் பண்ணினா "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்"னு வரும். என்விடியா, வர்ச்சுவல்பாக்ஸ், டபிள்யூஎல் எல்லாத்துக்கும் இதே கதைதான். டிரைவர்ல பழுது இல்ல. அதோட கையெழுத்து உங்க மெஷினுக்குத் தெரியல.

"மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்" போட்டு எனேபிள்டுன்னு வந்தா, அந்தக் கையெழுத்துச் சாவியை (மோக்) மெஷின்ல பதியணும். டெபியன்ல:

சூடோ மோக்யூடில் --இம்போர்ட் /வார்/லிப்/டிகேஎம்எஸ்/மோக்.பப்

உபுண்டு, மின்ட்ல அந்தச் சாவி /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக்/மோக்.டெர். ஒரு பாஸ்வேர்டு கேக்கும், அது ஒரே ஒரு முறைக்குத்தான், சின்னதாவே வையுங்க. ரீபூட் பண்ணினதும் நீலத் திரை வரும். என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்டு, ரீபூட். அந்தத் திரை சில விநாடிதான் நிக்கும். எந்தப் பட்டனும் அமுக்கலைன்னா தானா பூட் ஆயிடும், சாவி பதியாது. அப்ப இம்போர்ட்ல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும். அந்தத் திரையில கீபோர்டு லேஅவுட் அமெரிக்க முறையில இருக்கும், அதனால பாஸ்வேர்டுல சிறப்புக் குறிகள் வேண்டாம்.

#11 · வைகைக்கரை

பேக்போர்ட்ஸ் போட்டேன். 6.12 வந்தது, வைஃபையும் வந்துவிட்டது. எல்எஸ்பிசிஐயில் ஆர்டிடபிள்யூ89_8852பிஇ காட்டுகிறது. எல்லோருக்கும் நன்றி.

ஆனால் சும்மா இருக்கும்போது இணைப்பு அவ்வப்போது அறுந்து மறுபடி சேருகிறது. வீடியோ ஓடிக்கொண்டிருந்தால் அறுவதில்லை. ஃபோனில் அதே ரூட்டர் நன்றாக இருக்கிறது.

#12 · கர்னல்காரன்

"சும்மா இருக்கும்போது மட்டும்" என்பது நல்ல துப்பு. கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கப் போய், எழுவதில் தடுமாறுகிறது. இதில் இரண்டு தனித்தனி அடுக்குகள் இருக்கின்றன. ஒன்று வைஃபையின் பவர் சேவ். மற்றது கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே உள்ள பிசிஐஇ இணைப்பு தூங்கும் ஏஎஸ்பிஎம். எது காரணம் என்று தெரிய, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் தேவையில்லாத ஒன்றும் நிரந்தரமாக அணைந்தே கிடந்து பேட்டரியைத் தின்னும்.

முதலில் பவர் சேவ். "ஐபி லிங்க்" போட்டால் இன்டர்ஃபேஸ் பெயர் தெரியும், டபிள்யூஎல்பி2எஸ்0 போல இருக்கும். பிறகு:

சூடோ ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்பி2எஸ்0 செட் பவர்_சேவ் ஆஃப்

இது ரீபூட் வரை மட்டும் நிற்கும், சோதிக்க வசதி. பலன் இருந்தால் /இடிசி/நெட்வொர்க்மேனேஜர்/கான்ஃப்.டி ஃபோல்டரில் .கான்ஃப் என்று முடியும் ஒரு ஃபைல் எழுதி, [கனெக்ஷன்] என்ற தலைப்பின் கீழ் வைஃபை.பவர்சேவ் = 2 என்று போடுங்கள். 2 என்றால் அணை, 3 என்றால் இயக்கு.

அதில் மாற்றம் இல்லை என்றால் பவர் சேவைப் பழையபடி விட்டுவிட்டு ஏஎஸ்பிஎம்முக்குப் போங்கள். /இடிசி/மாட்ப்ரோப்.டி/ஆர்டிடபிள்யூ89.கான்ஃப் என்ற ஃபைலில்:

ஆப்ஷன்ஸ் ஆர்டிடபிள்யூ89_பிசிஐ டிஸேபிள்_ஏஎஸ்பிஎம்_எல்1=ஒய் டிஸேபிள்_ஏஎஸ்பிஎம்_எல்1எஸ்எஸ்=ஒய்

சில லேப்டாப்களில் இதே வரியில் டிஸேபிள்_சிஎல்கேரெக்=ஒய் என்பதும் தேவைப்படும். எழுதுமுன் "மாட்இன்ஃபோ -பி ஆர்டிடபிள்யூ89_பிசிஐ" போட்டு உங்கள் கர்னலில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிட்ஹப் டிரைவரில் மாட்யூல் பெயர்கள் வேறாக இருக்கும், அங்கிருந்து எடுத்த வரி இங்கே எந்த விளைவும் இல்லாமல் கிடக்கும். ஃபைல் எழுதியதும் ரீஸ்டார்ட் போதாது. ஷட்டவுன் செய்து, சில விநாடி விட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். கார்டு பழைய நிலையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

பழைய 8821சிஇ வைத்திருப்பவர்களுக்கு ஃபைலில் மாட்யூல் ஆர்டிடபிள்யூ88_பிசிஐ, ஆப்ஷன் டிஸேபிள்_ஏஎஸ்பிஎம்=ஒய்.

#13 · மலைக்கோட்டை

டூயல் பூட் என்பதால் ஒரு குறிப்பு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட்டவுன் என்பது உண்மையான ஷட்டவுன் அல்ல, பாதி ஹைபர்னேட். சில வைஃபை கார்டுகளை அது லினக்ஸ் எழுப்ப முடியாத நிலையில் விட்டுவிடும். விண்டோஸ் பார்ட்டிஷனும் ரீட் ஒன்லியாகவே மவுன்ட் ஆகும். விண்டோஸில் அட்மின் டெர்மினல் திறந்து "பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்" போட்டுவிடுங்கள். "விண்டோஸுக்குப் போய் வந்தால் வைஃபை காணோம்" என்ற புகார்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

#14 · வைகைக்கரை

பவர் சேவ் அணைத்தும் மாற்றம் இல்லை. ஏஎஸ்பிஎம் வரி போட்டபின் அறுவது நின்றுவிட்டது. சிஎல்கேரெக் தேவைப்படவில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிட்டேன்.

ஸ்லீப் பற்றி யாராவது சொல்லுங்கள். /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் ஃபைலில் [எஸ்2ஐடில்] என்று மட்டும் இருக்கிறது. டீப் என்ற சொல் இல்லை. இணையத்தில் கர்னல் பாராமீட்டரில் மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப் போடச் சொல்கிறார்கள்.

#15 · தறிநிரல்

அந்த ஃபைல்ல டீப் இல்லைன்னா பாராமீட்டர் போட்டும் வராதுங்க. எஸ்3 தூக்கத்தை (டீப்னு சொல்றது இதைத்தான்) கொடுக்க வேண்டியது பயாஸ், கர்னல் இல்ல. இப்ப வர்ற பல லேப்டாப்புல கம்பெனியே அதை எடுத்துட்டாங்க. சிலதுல பயாஸ் மெனுவுல ஸ்லீப் ஸ்டேட்னு ஆப்ஷன் இருக்கும், அதுல லினக்ஸ் அல்லது எஸ்3-ன்னு இருந்தா மாத்திப் பாருங்க. இல்லைன்னா எஸ்2ஐடில்லயே ஒழுங்கா தூங்குதான்னு பார்க்கிறதுதான் வழி.

#16 · கர்னல்காரன்

எஸ்2ஐடில் தன்னளவில் மோசமானதல்ல. அதில் சிபியு, எஸ்எஸ்டி, வைஃபை, யுஎஸ்பி எல்லாமே தத்தம் ஆழ்ந்த நிலைக்குப் போனால்தான் முழு சிப்பும் தூங்கும். ஒன்று விழித்திருந்தாலும் திரை கறுப்பாக இருக்கும், உள்ளே மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்.

அளந்து பார்க்க வழி இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு "சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட்" போட்டு, பத்து நிமிடம் விட்டு எழுப்புங்கள். பிறகு:

கேட் /சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ்/லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப்

இது மைக்ரோவிநாடியில் வரும். பத்து நிமிடம் என்பது 60 கோடி. அதற்குப் பக்கத்தில் வந்தால் தூக்கம் சரி, இரவில் இறங்குவதற்கு வேறு ஏதோ அடிக்கடி எழுப்புவதே காரணமாக இருக்கும். 0 என்று வந்தால் ஒருமுறைகூட ஆழத்துக்குப் போகவில்லை.

0 என்றால் முதலில் பயாஸ் அப்டேட். "எஃப்டபிள்யூஅப்டிஎம்ஜிஆர் ரிஃப்ரெஷ்", அடுத்து "கெட்-அப்டேட்ஸ்" என்று பாருங்கள். உங்கள் கம்பெனி எல்விஎஃப்எஸ்-இல் (லினக்ஸுக்கான பயாஸ், ஃபர்ம்வேர் அப்டேட் தளம்) கொடுத்திருந்தால் லினக்ஸிலிருந்தே போடலாம், இல்லையென்றால் விண்டோஸில். ஏஎம்டி ஸ்லீப் கோளாறுகளில் கணிசமானவை பயாஸில் தீர்ந்தவை. அதன் பிறகும் 0 என்றால் ஏஎம்டி இதற்கென்றே ஒரு சோதனை ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறது, பெயர் ஏஎம்டி_எஸ்2ஐடில். எந்தச் சாதனம் தடுக்கிறது, எஸ்எஸ்டி அமைப்பு சரியா, ஏஎம்டி_பிஎம்சி மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சொல்லும்.

ஹைபர்னேட் செய்துவிடலாம் என்று யோசிப்பவர்களுக்கு: செக்யூர் பூட் இயங்கும்போது டெபியன், உபுண்டு, ஃபெடோரா கர்னல்கள் லாக்டவுன் என்ற பாதுகாப்பு நிலைக்குப் போகும், அதில் ஹைபர்னேட் தடுக்கப்பட்டிருக்கும். ஸ்வாப் எவ்வளவு கொடுத்தாலும் வராது.

#17 · பொதிகைச்சாரல்

ஹெடர் பேக்கேஜ்தான் காரணம், இப்போது சரியாகிவிட்டது. டெஸ்க்டாப் ஒன்றுக்கு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்க வேண்டும். எது வாங்கலாம்?

#18 · செம்பருத்தி

மீடியாடெக் எம்டி7610யு, எம்டி7612யு சிப் இருக்கிறதா வாங்கினா டிரைவர் கவலை இல்ல, 4.19-ல இருந்தே கர்னல்ல இருக்கு. வைஃபை 6 வேணும்னா எம்டி7921ஏயு, அதுக்கு 5.18 அல்லது அதுக்கு மேல கர்னல் வேணும்.

பெட்டியில இருக்கிற மாடல் பேரை மட்டும் நம்பி வாங்காதீங்க. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் இதுக்கு நல்ல உதாரணம். முதல் பதிப்புல ஏதெராஸ் ஏஆர்9271, லினக்ஸ்ல அருமையா ஓடும். ரெண்டாம் பதிப்புல இருந்து உள்ள ரியல்டெக் சிப். பேரும் வெளித்தோற்றமும் அப்படியேதான். பெட்டி லேபிள்ல வெர்ஷன் எண்ணைப் பாருங்க.

சில டாங்கிளை மாட்டினா சிடி டிரைவ் மாதிரி வரும், எல்எஸ்யுஎஸ்பி-ல 0பிடிஏ:1ஏ2பி-ன்னு காட்டும். விண்டோஸ் டிரைவரை உள்ளயே வச்சிருக்கிறதால அப்படி. யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் பேக்கேஜ் போட்டா வைஃபை நிலைக்கு மாறும், ஐடியும் மாறும். அந்த ரெண்டாவது ஐடியை வச்சுத்தான் டிரைவர் தேடணும்.

#19 · வைகைக்கரை

ஸ்லீப் சோதனை: முதலில் 0. பயாஸ் அப்டேட் விண்டோஸ் வழியாகப் போட்டபின் 59 கோடிக்கு மேல் வருகிறது. பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு பூட் வரிசையில் விண்டோஸ் முதலில் வந்துவிட்டது, எஃப்12 அழுத்தினால் டெபியன் தெரிகிறது. பழைய 6.1 கர்னலை நீக்கிவிடலாமா?

#20 · கர்னல்காரன்

இப்போது நீக்க வேண்டாம். 6.12-இல் ஏதாவது தடுமாறினால் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாக 6.1-இல் ஏறலாம். வைஃபை இருக்காது, ஆனால் டெதரிங் இருக்கிறது, திரையும் டிஸ்க்கும் வரும். பேக்போர்ட்ஸிலிருந்து ஒருமுறை போட்ட கர்னல், அடுத்தடுத்த பதிப்புகளையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும், நீங்கள் -டி போட வேண்டியதில்லை. 13-க்குப் போகும்போது மட்டும் பேக்போர்ட்ஸ்.லிஸ்ட் ஃபைலை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஏஎஸ்பிஎம் ஃபைல் அப்படியே இருக்கட்டும்.

பூட் வரிசைக்கு "எஃபிபூட்எம்ஜிஆர்" என்று போடுங்கள். டெபியன் எந்த எண் என்று பார்த்து, "சூடோ எஃபிபூட்எம்ஜிஆர் -ஓ" போட்டு அந்த எண்ணை முதலிலும் விண்டோஸ் எண்ணை அடுத்தும் கமாவோடு கொடுங்கள். -ஓ என்பது சிறிய எழுத்து. பெரிய எழுத்தில் போட்டால் வரிசையையே அழித்துவிடும்.